கைராசியும் ஊழும்

நோயைத் தீர்ப்பதற்காகச் செய்யப்படும் செயலே நோயாளிக்குக் கேடாக முடியும்போது, அந்தக் கேட்டை யாருடைய கணக்கில் எழுதுவது என்பது அறநூல்களுக்குப் பழைய கேள்வி. பித்தநாளத்தில் ஸ்டென்ட் என்னும் சிறு குழாயைப் பொருத்திய பின் நேரும் ரத்தக்கசிவு அக்கேள்வியைத் தப்பமுடியாத வடிவில் முன்வைக்கிறது. ஏனெனில் அங்கே கேடு நினைத்தவர் எவருமில்லை, சிகிச்சை தேவையற்றது என்று சொல்லவும் இடமில்லை, நோயாளியின் ஒப்புதலும் பெறப்பட்டிருக்கிறது, இருந்தும் ரத்தம் போகிறது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டிப் பகுதிகளிலிருந்தும், சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களிலிருந்தும் மஞ்சள்காமாலையோடு மதுரைக்கு வந்து சேரும் குடும்பங்களிடையே அது ‘விதி’ என்றும், ‘டாக்டருக்குக் கைராசி இல்லை’ என்றும், ‘யார் செய்த பாவமோ’ என்றும் மூன்று விதமாகப் பேசப்படுகிறது. இம்மூன்றும் ஒரே பொருளைக் குறிப்பவை அல்ல. ஒவ்வொன்றும் யார் வாயிலிருந்து வரத்தக்கது என்பதைப் பொறுத்தே அதன் அறத்தகுதி அமைகிறது என்பது இங்கே நிறுவ முயலப்படும் கருத்து.

முதலில் உடலில் நடப்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கல்லீரல் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சுரக்கும் பித்தநீர், பித்தநாளம் வழியாக இறங்கி, முன்சிறுகுடலின் உட்சுவரில் சிறு மொட்டுப்போலப் புடைத்திருக்கும் பாப்பில்லா என்னும் வாயின் வழியே குடலில் கலக்கிறது. அவ்வாயைச் சூழ்ந்த தசைவளையம், கண்மாய்க்கு மடை எப்படியோ அப்படிப் பித்தநீரைத் தேக்கவும் திறந்துவிடவும் செய்கிறது. பித்தப்பையிலிருந்து நழுவிய கல்லோ, கணையத்தின் தலைப்பகுதியில் தோன்றிய புற்றோ, நாளத்திலேயே வளர்ந்த புற்றோ இந்த வழியை அடைத்துவிட்டால் பித்தம் ரத்தத்தில் ஏறிக் கண் மஞ்சளாகிறது, மலம் வெளிறுகிறது, உடலெங்கும் அரிப்பெடுக்கிறது. தேங்கிய பித்தநீரில் கிருமி பெருகினால் குளிர்காய்ச்சலோடு தொடங்கும் பித்தநாள அழற்சி சில நாட்களில், கடுமையானால் சில மணி நேரங்களில், உயிரைக் கொள்ளக்கூடியது. இந்தக் காமாலை கீழாநெல்லிக்குக் கட்டுப்படாது. அடைத்து நிற்கும் கல்லை எந்த இலைச்சாறும் நகர்த்துவதில்லை.

அடைப்பை நீக்கும் முறை மருத்துவமனை வழக்கில் ஈ.ஆர்.சி.பி. எனப்படுகிறது. பக்கவாட்டில் பார்க்கும் கேமரா பொருத்திய வளையும் குழாயை வாய்வழியே முன்சிறுகுடல் வரை செலுத்தி, பாப்பில்லாவுக்குள் மெல்லிய கம்பியை நுழைத்து, சாயம் ஏற்றி எக்ஸ்ரேயில் நாளத்தைப் பார்த்து, வேண்டுமானால் அந்தத் தசைவளையத்தை மின்சாரத்தால் சூடேறும் கம்பியைக் கொண்டு வெட்டிக் கல்லை எடுப்பதும், எடுக்க முடியாதபோதோ புற்று அழுத்தும்போதோ ஸ்டென்டை வைத்து வழியைத் திறந்துவைப்பதும் இம்முறையின் சாரம். இந்த வெட்டு 1974ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எர்லாங்கனிலும் ஜப்பானின் கியோட்டோவிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அறிமுகமானது. ஹாம்பர்க் நகரில் பணியாற்றிய மருத்துவர் சோஹேந்திரா எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தநாளத்தில் பிளாஸ்டிக் குழாய் வைத்ததை 1980இல் வெளியிட்டார். அதற்கு முன்னர் இத்தகைய அடைப்புக்கு வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையே பெருவழியாக இருந்தது என்பதையும், முதியவர்களும் மெலிந்தவர்களும் அதைத் தாங்காமல் இறந்தார்கள் என்பதையும் நினைவிற்கொண்டால்தான் இன்றைய ரத்தக்கசிவை எதனோடு ஒப்பிட்டு எடைபோட வேண்டும் என்பது விளங்கும்.

ரத்தம் பல வழிகளில் வருகிறது. பெரும்பாலும் குழாயைவிடக் குழாய்க்காக இடப்பட்ட வெட்டே காரணம். பாப்பில்லாவைச் சுற்றிய சிறு தமனிகளின் போக்கு ஆளுக்கு ஆள் மாறுவதால், கடிகார முகப்பில் 11 மணிக்கும் 1 மணிக்கும் இடைப்பட்ட திசையில் வெட்டுவதே ஓரளவு பாதுகாப்பானது என்று கற்பிக்கப்பட்டாலும், அத்திசையிலும் தமனி எதிர்ப்படுவதுண்டு. குழாயே காரணமாகும் நேர்வுகள் அரிது: உலோக ஸ்டென்டின் நுனி முன்சிறுகுடலின் எதிர்ச்சுவரை உராய்ந்து புண்ணாக்கலாம், நாளத்தை ஒட்டிச் செல்லும் கல்லீரல் தமனியைப் பல வாரங்கள் அழுத்தி அதன் சுவரைப் பலவீனப்படுத்தி, போலி வீக்கம் ஒன்றை உண்டாக்கி, அது வெடித்துப் பித்தநாளத்துக்குள்ளேயே ரத்தம் பாயலாம், இடம்பெயர்ந்த பிளாஸ்டிக் குழாய் குடற்சுவரைக் குத்தலாம். பித்தநாளத்துக்குள் ரத்தம் பாயும் நிலைக்கு வயிற்றுவலி, காமாலை, குடல்வழி ரத்தப்போக்கு ஆகிய மூன்றும் சேர்ந்த அடையாளத்தை மருத்துவர் குவிங்கே 1871இல் விவரித்தார். அதாவது இக்கசிவு ஸ்டென்டுக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது, சிகிச்சை அதற்குப் புதிய காரணம் ஒன்றைச் சேர்த்தது.

இவற்றோடு நோயாளியின் உடலே சேர்க்கும் காரணமும் உண்டு. பித்தம் குடலுக்கு வராதபோது கொழுப்பில் கரையும் வைட்டமின் கே உட்கிரகிக்கப்படுவதில்லை. அது இல்லாமல் கல்லீரல் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் சிலவற்றை ஆக்க இயலாது. ஆகவே அடைப்பு நீடித்த ஒவ்வொரு வாரமும், இலைச்சாற்றிலும் பத்தியத்திலும் கழிந்த வாரங்கள் உட்பட, ரத்தத்தின் உறையும் திறனைக் குறைத்துக்கொண்டே போகிறது. எந்த நோய்க்காகக் குழாய் தேவைப்படுகிறதோ அதே நோய்தான் குழாய் வைப்பதை ஆபத்தாக்குகிறது. உறைதிறனை அளந்து, வைட்டமின் கே ஊசியிட்டுக் காத்திருக்க ஒருநாள் கிடைத்தால் நல்லது. அழற்சி முற்றிய நோயாளிக்கு அந்த ஒருநாள் கிடைப்பதில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பல மருத்துவமனைகளில் இந்த வெட்டுச் சிகிச்சை பெற்ற 2,347 பேரைப் பின்தொடர்ந்து ஃபிரீமனும் அவர்தம் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், 48 பேருக்கு, அதாவது நூற்றுக்கு இருவருக்கு, ரத்தக்கசிவு ஏற்பட்டது. கணைய அழற்சி அதைவிட அதிகமாக, நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேல் இருந்தது. அறவியல் நோக்கில் இந்த எண்ணிக்கையைவிட, கசிவோடு தொடர்புடையவை என்று அவ்வாய்வு கண்ட காரணங்களின் பட்டியலே கவனத்துக்குரியது: முன்பே உறைதிறன் குறைந்திருத்தல், முன்பே பித்தநாள அழற்சி இருத்தல், வெட்டும்போதே ரத்தம் தென்படுதல், சிகிச்சைக்குப் பின் மூன்று நாட்களுக்குள் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைத் திரும்பத் தொடங்குதல், இவற்றோடு வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் இச்சிகிச்சையைச் செய்யாத மருத்துவரின் கையில் சிகிச்சை நடைபெறுதல். முதல் மூன்றில் பெரும்பகுதி நோயாளியோடு வருவது, நான்காவது ஒரு முடிவு, கடைசியானது கை.

‘கைராசி’ என்று தென்மாவட்ட மக்கள் சொல்வதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாமல் செய்கிறது இந்தக் கடைசிக் காரணம். ஒருவர் தொட்டால் பிழைக்கும், மற்றொருவர் தொட்டால் சிக்கலாகும் என்னும் நம்பிக்கையில், பயிற்சியின் அளவு என்னும் மெய்யான காரணம் ஒரு பகுதியாகப் புதைந்திருக்கிறது. எஞ்சியது தமனி எங்கே ஓடுகிறது என்பதைப் போன்ற, எவர் கைக்கும் அப்பாற்பட்ட தற்செயல். சிக்கல் என்னவென்றால், விளைவை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை. மருத்துவரை விளைவைக்கொண்டு மட்டும் தீர்மானிக்கும் வழக்கத்துக்கு மதுரையிலேயே புகழ்பெற்ற முன்மாதிரி ஒன்று உண்டு. பாண்டியனின் வெப்புநோயை அவனுடலின் இடப்பக்கத்தில் சமணரும் வலப்பக்கத்தில் திருஞானசம்பந்தரும் தீர்க்க முனைந்ததாகவும், திருநீறு பூசிய பக்கம் குளிர்ந்ததாகவும் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் கூறுகிறது. தொடர்ந்த அனல்வாதத்திலும் புனல்வாதத்திலும் தோற்ற சமணர் கழுவேறியதாகவும் அக்கதை செல்கிறது. கழுவேற்றத்துக்குச் சமகாலச் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் குணமானதே மெய்மைக்குச் சான்று, குணமாகாமையே பொய்மைக்குச் சான்று என்னும் அளவுகோல் எவ்வளவு கொடியதாகக்கூடும் என்பதைக் கதை தன் போக்கில் காட்டிவிடுகிறது. பக்தி இலக்கியம் என்ற முறையில் அதன் நோக்கம் வேறு. மருத்துவத்துக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

விளைவை விட்டு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் பௌத்தர். வினை என்பது சேதனை, அதாவது மனத்தின் தூண்டுதலே, என்பது அவர்கள் கொள்கை. பாலி நிகாயங்களுள் மஜ்ஜிம நிகாயத்தில், புத்தரை வாதத்தில் மடக்குவதற்காக நிகண்டர் எனப்பட்ட சமணத் தலைவரால் அனுப்பப்பட்ட அபயன் என்னும் அரசகுமாரனிடம், அவன் மடியில் இருக்கும் குழந்தை குச்சியையோ கூழாங்கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று புத்தர் கேட்க, ரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுத்துவிடுவேன், குழந்தைமேல் உள்ள இரக்கத்தால் அப்படிச் செய்வேன் என்று அவன் விடையளிப்பதாக ஒரு பகுதி வருகிறது. பித்தநாளக் கல்லை எடுப்பதற்கு இதைவிட நெருக்கமான பழைய உவமானம் கிடைப்பது கடினம். மதுரைக் கூலவாணிகர் என்று அறியப்படும் சாத்தனார் மணிமேகலையைப் பாடியவர் என்பதால், இந்தச் சிந்தனை மதுரைக்கு அயலானதும் அன்று.

ஆனால் இரக்கம் இருந்தாலே போதுமா என்று திருப்பிக் கேட்டவர்கள் சமணர். மதுரையைச் சூழ்ந்த மாங்குளம், கீழவளவு, ஆனைமலை, கீழக்குயில்குடிச் சமணர்மலை ஆகிய குன்றுகளில் கற்படுக்கைகளையும் தீர்த்தங்கரர் உருவங்களையும் விட்டுச்சென்ற அம்மரபினர், உணவு, அடைக்கலம், மருந்து, நூல் ஆகிய நான்கையும் கொடைகளாகப் போற்றியவர்கள்; உயிர்க்கொலையை அஞ்சியவர்களே மருந்தை அறமாகக் கொண்டதால், சிகிச்சையில் நேரும் துன்பத்தைப் பற்றி எண்ணாமல் இருக்க அவர்களால் முடியவில்லை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிருக்கு ஊறு நேர்வதை மட்டும் சொல்லி நிறுத்தாமல், ‘பிரமத்த யோகம்’ என்னும் கவனமின்மையோடு கூடிய உடல், மொழி, மன இயக்கத்தால் அது நேர்வதையே இம்சை என்கிறது. அடி பார்த்து நடக்கும் துறவியின் காலடியில் எறும்பு விழுந்து மாண்டால் அவர் இம்சை செய்தவராகமாட்டார்; பாராமல் நடந்தவரின் காலடியில் எதுவும் மாளாவிட்டாலும் அவர் இம்சை செய்தவரே என்று அம்மரபின் உரைகள் விளக்குகின்றன.

இந்த வரையறையின் கடுமையை மருத்துவத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பான இரு முடிவுகள் கிடைக்கின்றன. உறைதிறனை அளந்து, நோயாளி உட்கொள்ளும் மாத்திரைகளைக் கேட்டறிந்து, தேவையான அளவுக்கு மேல் வெட்டாமல் செய்த மருத்துவரின் நோயாளிக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டாலும் அது பாவமன்று. மாத்திரைகளைக் கேட்காமலே வெட்டிய மருத்துவரின் நோயாளி நலமாக வீடு திரும்பினாலும், ‘நல்ல கைராசி’ என்று குடும்பம் புகழ்ந்தாலும், அங்கே இம்சை நடந்துவிட்டது. நீதிமன்றமோ குடும்பமோ காணாத குற்றத்தை இது காண்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவன் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிச் செய்ய வேண்டும் என்று வகுப்பதும் இதே பொருளில்தான் பார்க்கத்தக்கது. அங்கும் அளவிடாமல் செய்வதே பிழை, விளைவு அதற்குப் பிறகு வருவது.

எவ்வளவு கவனமிருந்தாலும் தேர்வு எளிதாகிவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தத்தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் குளோபிடோகிரல் மாத்திரையை உட்கொள்ளும் ஒருவருக்குப் பித்தநாளத்தில் கல் அடைத்துக்கொண்டால், மாத்திரையைத் தொடர்ந்தபடி வெட்டினால் ரத்தம் போகலாம், ஐந்து அல்லது ஏழு நாள் நிறுத்தினால் இதயக் குழாய் அடைபடலாம். வெட்டுக்குப் பதிலாகப் பலூனை விரித்து வாயைப் பெரிதாக்கினால் கசிவின் வாய்ப்பு குறைகிறது, கணைய அழற்சியின் வாய்ப்பு கூடுகிறது. வெட்டாமல் குழாயை மட்டும் வைத்து, கல்லைப் பின்னொரு நாள் எடுப்பது பெரும்பாலும் நடுவழி. ஆனால் அந்த நோயாளி இன்னொருமுறை மயக்க மருந்துக்கும் செலவுக்கும் உட்பட வேண்டும். எந்த வழியிலும் தீங்கின் வாய்ப்பு அழிவதில்லை, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றப்படுகிறது. தீங்கே செய்யாதே என்னும் கட்டளை இங்கே பொருளிழந்துவிடுகிறது.

1606இல் மதுரைக்கு வந்து தங்கிய இராபர்ட் தெ நொபிலி கற்றுத் தேர்ந்த கத்தோலிக்க இறையியல், தாமஸ் அக்வினாஸின் சிந்தனையில் ஊன்றி, இத்தகைய இக்கட்டுக்கு ஒரு விதியை வளர்த்தெடுத்திருக்கிறது. செயல் தன்னளவில் தீயதாக இருக்கக்கூடாது, தீய விளைவு விரும்பப்படக்கூடாது, தீய விளைவே நல்விளைவுக்குக் கருவியாகக்கூடாது, தாங்கும் தீமைக்கு ஈடான நன்மை இருக்க வேண்டும் என்னும் நான்கு நிபந்தனைகளைக் கொண்ட அவ்விதி இருவிளைவுக் கோட்பாடு எனப்படுகிறது. பித்தநாளச் சிகிச்சை இந்நான்கையும் நிறைவு செய்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 88ஆம் பிரிவும், அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 26ஆம் பிரிவும், நோயாளியின் நன்மைக்காக, அவர் ஒப்புதலோடு, நல்லெண்ணத்தில் செய்யப்பட்டதைக் குற்றமாகக் கொள்வதில்லை. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் மருத்துவரைக் குற்றவியல் சட்டத்தின்கீழ் தண்டிப்பதற்கு அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. இறையியலும் சட்டமும் இங்கே ஒரே குறையைப் பகிர்ந்துகொள்கின்றன: இரண்டும் செயலின் கணத்தில் மருத்துவரை விடுவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன, ரத்தம் போய்க்கொண்டிருக்கும் மூன்றாம் நாளில் அவர் யாராக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அவற்றுக்குச் சொல்ல ஏதுமில்லை.

அதைச் சொல்வது சிலப்பதிகாரம். மதுரையை எரித்த கதை என்று பொதுவாக நினைக்கப்படும் அக்காப்பியத்தின் நடுவில் இருப்பது, எண்ணமின்றி நேர்ந்த தீங்கு பற்றிய மிக நுட்பமான விசாரணை. பொற்கொல்லனின் சொல்லை நம்பி, அரசியின் ஊடலைத் தீர்க்கச் செல்லும் அவசரத்தில், ஆராயாமல் ஆணையிடுகிறான் பாண்டியன் நெடுஞ்செழியன், கோவலன் கொல்லப்படுகிறான். அவனுக்குக் கோவலன்மேல் பகையில்லை, பௌத்தரின் அளவுகோலில் அவன் தூயவன். சமணரின் அளவுகோலில் அவன் பிரமத்தன், ஏனெனில் அவன் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. உண்மை வெளிப்பட்டதும் தானே குற்றவாளி என்று அறிவித்து அவன் உயிர்விடுகிறான்.

காப்பியம் அங்கே நிற்பதில்லை. நகரின் தெய்வமான மதுராபதி, கோவலனின் மனைவி கண்ணகியிடம் வந்து, முற்பிறப்பில் சிங்கபுரத்தில் பரதன் என்னும் பெயரோடு வாழ்ந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்ததையும், சங்கமன் மனைவி நீலியின் சாபத்தையும் சொல்லி, நடந்தது அந்த வினையின் பயன் என்கிறாள். ஒரே சாவுக்கு இரு காரணங்கள்: அரசனின் ஆராயாமை, கோவலனின் ஊழ். இவை ஒன்றையொன்று நீக்குவதில்லை என்பதோடு, யாருக்கு எது சொல்லப்படுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. ஊழ் சொல்லப்படுவது இழந்தவளுக்கு. அரசன் தன் சார்பில் ஊழைச் சொல்வதே இல்லை. மதுராபதி பாண்டியரைக் காக்கும் தெய்வம், ஆகவே அவள் பேச்சில் நகரின் தற்காப்பும் கலந்திருக்கிறது என்று ஒரு வாசகர் மறுக்கலாம், மறுப்பு நியாயமானதே. ஆனால் அவள் பேசும்போது அரசன் இறந்துபோயிருக்கிறான். அவள் விளக்கம் அவனுடைய கணக்கிலிருந்து எதையும் கழிக்கவில்லை.

இதையே மருத்துவமனை வராந்தாவுக்குக் கொண்டுவந்தால், ‘விதி’ என்னும் சொல் நோயாளியின் மனைவி வாயில் ஒரு பொருளும், சிகிச்சை செய்தவர் வாயில் வேறொரு பொருளும் கொள்வது புலனாகும். நூற்றில் இருவருக்கு நேர்வது ஏன் தன் கணவருக்கு நேர்ந்தது என்னும் கேள்விக்கு எந்தப் புள்ளிவிவரமும் விடை தருவதில்லை. விடையற்ற அந்த இடத்தில் அவர் ஊழை வைத்துக்கொள்வதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. அதே சொல்லை மருத்துவர் முந்திக்கொண்டு சொன்னால், ஆறுதலின் உருவில் ஒரு கணக்கு மூடப்படுகிறது. அவர் சொல்லவேண்டியவை வேறு: எந்த இடத்தில் கசிகிறது, உறைதிறன் முன்பு எவ்வளவு இருந்தது, இனி அட்ரினலின் ஊசியாலோ கிளிப்பாலோ நிறுத்த முடியுமா, தமனிக்குள் கம்பி செலுத்தி அடைக்க வேண்டுமா என்பவை. வெட்டிய இடத்திலிருந்து ரத்தம் நிற்காதபோது முழுதும் உறையிட்ட உலோக ஸ்டென்டையே உள்ளே விரித்து அழுத்தி நிறுத்துவதும் இன்று வழக்கில் இருக்கிறது. கேட்டுக்குக் காரணமாகக்கூடிய பொருளே கேட்டை நிறுத்தும் மருந்தாவது இத்துறையின் விநோதம்.

குற்றமற்றவரிடத்தும் ஏதோ ஒன்று எஞ்சுகிறது என்பதை ஆங்கில மெய்யியலாளர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். தன் தவறு ஏதுமின்றி ஒரு குழந்தைமேல் வண்டியை ஏற்றிவிட்ட ஓட்டுநர், அருகில் நின்று பார்த்தவரைப்போல வெறும் வருத்தத்தோடு நகர்ந்துவிட்டால் நமக்கு அவர்மேல் ஐயம் வருகிறது. செய்தவருக்கே உரிய ஒரு வருத்தம் உண்டு என்றார் அவர். மதுரை இதைப் பொற்கைப் பாண்டியனின் கதையாக அறியும். கீரந்தை என்னும் அந்தணன் ஊரில் இல்லாதபோது அவன் மனைக்குக் காவலாக இரவில் சுற்றிய அரசன், உள்ளே ஆண்குரல் கேட்டுக் கதவைத் தட்ட, திரும்பி வந்திருந்த கணவனே உள்ளிருந்து கேட்க, தான் கதவைத் தட்டியதால் அந்த வீட்டுப் பெண்ணின்மேல் பழி விழுந்துவிடுமோ என்று அஞ்சிய அரசன், பின்னர்த் தட்டிய தன் கையைத் தானே வெட்டிக்கொண்டான். நோக்கம் காவல், கவனத்திலும் குறையில்லை, விளைவு தீங்கு, செய்தவன் தன்னைத் தண்டித்துக்கொள்கிறான்.

தமிழ் மரபு போற்றும் இச்செயல் அரசனுக்குப் பெருமையாக இருக்கலாம், மருத்துவருக்கு அது கேடு. வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் செய்யாத கை அதிக ரத்தம் காண்கிறது என்பதால், ஒரு கசிவுக்குப் பின் மனமுடைந்து சிகிச்சையைக் குறைத்துக்கொள்ளும் கை அடுத்த நோயாளிக்கு முன்னிலும் ஆபத்தான கையாகிறது. ஆபத்து மிகுந்தவரைத் தொடாமல் ‘வேறெங்காவது கொண்டுபோங்கள்’ என்று அனுப்பிவிடுவது இன்று பொற்கையின் நாகரிக வடிவம். வெட்டப்பட்டது மருத்துவரின் கைதான், ரத்தம் போவது மற்றவருக்கு. வழக்குக்கு அஞ்சி இப்படிச் செய்பவரைக் குடும்பங்களின் கோபமே உருவாக்குகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கை பழகியாக வேண்டும் என்றால், எவர் உடலில் பழகுவது? போதனை மருத்துவமனைகளுக்கு எங்கும் வருபவர்கள் பெரும்பாலும் ஏழைகள். மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்கள் இல்லையென்றால் தென்மாவட்ட ஏழைகளுக்குச் சிகிச்சையே எட்டாது, அடுத்த தலைமுறை மருத்துவரும் உருவாகமாட்டார். கற்பவர் கையால் வரக்கூடிய கூடுதல் தீங்கு ஒரு வகுப்பாரிடம் குவிவதும், கற்றுத் தேர்ந்த கையின் நன்மை பின்னர் எல்லா வகுப்பாருக்கும் போவதும் நீதியா என்பது கடினமான கேள்வி. மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்பதும், கடினமான நாளங்களில் கருவியை அவர் வாங்கிக்கொள்வதும் தீங்கைக் குறைக்கும். பகிர்வின் அநீதியை முழுதும் போக்காது. இதற்கு ஊழ் என்று பெயரிடுவது மட்டும் கூடாது. இது மனிதர் வகுத்த ஏற்பாடு, மனிதர் மாற்றக்கூடியது.

ஒப்புதலைப் பற்றியும் ஒரு சொல். அறுவைக்கு முன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது தென்மாவட்டங்களில் இன்றும் உண்டு: வெள்ளையும் சிவப்புமாகப் பூவைத் தனித்தனி இலையில் மடித்துத் தெய்வத்தின் முன்னிட்டு, குழந்தையொன்றை எடுக்கச்சொல்லி, நினைத்த நிறம் வந்தால் சரி என்று கொள்வார்கள். மருத்துவர்களுள் சிலர் இதைக் கேட்டுப் பொறுமையிழப்பதுண்டு. ஆயினும் நூற்றில் இருவர் என்னும் எண்ணை விளங்கிக்கொண்டும் முடிவெடுக்க இயலாமல் நிற்கும் குடும்பம், முடிவின் பாரத்தைத் தெய்வத்தோடு பகிர்ந்துகொண்டு துணிவதற்கு அது வழிசெய்கிறது. கையொப்பமிட்ட தாளில் எண் இருக்கிறது, துணிவு இல்லை. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் போதிய தகவலோடு கூடியதே மெய்யான ஒப்புதல் என்றது. தகவலைச் சொல்லாமல் பூவை மட்டும் நம்பவிடுவதும், தாளை மட்டும் நீட்டிவிட்டுப் பூவைப் பழிப்பதும் ஒப்புதலைப் பாதியில் விடுபவை. அழற்சி முற்றி மணிக்கணக்கில் உயிர் போகும் நிலையில் பூவுக்கு நேரமில்லை என்பதை மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டால் குடும்பங்கள் பெரும்பாலும் புரிந்துகொள்கின்றன.

வெட்டுக்குப் பின்னான கசிவு உடனே தெரிய வேண்டும் என்பதில்லை. இரண்டு வாரம் கழித்தும் தொடங்கலாம், அப்போது நோயாளி மேலூருக்கு அப்பால் தம் வீட்டில் இருப்பார். தார்போலக் கறுத்த மலம், எழுந்தால் தலைசுற்றல், ரத்தவாந்தி, திரும்பிவரும் மஞ்சள் ஆகியவற்றை இரும்புச்சத்து மாத்திரையின் விளைவு என்றோ உடல்சூடு என்றோ எண்ணிக் காத்திருந்தால் கிடைத்திருக்கும் நேரம் போய்விடும். இவற்றை வீட்டார் புரிந்துகொள்ளும் தமிழில் சொல்லி அனுப்பாத மருத்துவர், வெட்டிய கணத்தில் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும், சமணர் வரையறையில் இன்னும் விடுபடவில்லை. அதுபோல, பிளாஸ்டிக் குழாய் ஏறக்குறைய மூன்று மாதத்தில் அடைபடத் தொடங்கும். அதற்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். மஞ்சள் தெளிந்து பசியெடுத்து வயலுக்குப் போகத் தொடங்கியவருக்கு உள்ளே ஒரு குழாய் இருப்பது மறந்துபோகிறது. நேர்ந்துகொண்டபடி அழகர்கோயிலில் முடியிறக்கும் நாளைத் தவறவிடாத குடும்பம் குழாய் எடுக்கும் நாளைத் தவறவிட்டு, ஓராண்டு கழித்துக் குளிர்காய்ச்சலோடு வருமானால், அந்தப் பிரமத்தத்தில் ஒரு பங்கு குடும்பத்துக்கும், நாளைக் குறித்துவைத்துத் தொலைபேசியில் அழைக்க ஓர் ஆளை அமர்த்தாத மருத்துவமனைக்கு அதைவிடப் பெரிய பங்கும் உண்டு.